ஒரே எண்ணில் இரண்டு பில்கள்

மருந்துக் கடை ஒன்றில் மாதக் கணக்கைச் சரிபார்த்தபோது ஒரே எண்ணில் இரண்டு பில்கள் கிடைத்தன. வாங்கியவர் வேறு, தொகையும் வேறு. ஜிஎஸ்டி விதி 46-இன்படி ஒரு நிதியாண்டுக்குள் ஒரு பில் எண் ஒருமுறைதான் வரலாம். கல்லாவில் இருந்த பணியாளர் மீது முதலாளிக்குச் சந்தேகம். பில் போடும் மென்பொருளை எழுதியவன் நான்.

கடையில் இருந்தது பழைய கணினி. ஐகானைச் சொடுக்கிய பிறகு திரை வர வெகுநேரம் ஆகும். எதிரே நோயாளிகள் நிற்கும்போது யார் பொறுத்திருப்பார்கள்? பணியாளர் மறுபடியும் சொடுக்கியிருக்கிறார். மென்பொருள் இரண்டு பிரதிகளாக ஓடியது. தொடங்கும்போதே கடைசி பில் எண்ணைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்வதால், இரண்டும் அதே அடுத்த எண்ணைப் போட்டன.

இதைத் தடுக்கப் பலர், ஓடும் நிரல்களின் பட்டியலில் தம் நிரலின் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு பிரதிகள் ஒரே நேரத்தில் கிளம்பினால், ஒன்றையொன்று பார்த்து இரண்டுமே மூடிக்கொள்ளக்கூடும். ஒரு கோப்பை உருவாக்கி அடையாளம் வைப்பதும் ஆபத்துதான்: மின்சாரம் போனால் கோப்பு மட்டும் மிஞ்சும், மறுநாள் காலை மென்பொருள் திறக்க மறுக்கும்.

விண்டோஸில் சரியான வழி, பெயரிட்ட மியூட்டெக்ஸ்: ஒரு கணினிக்குள், ஒரு நேரத்தில் ஒரு பிரதி மட்டும் ஓடுவதற்காக இயங்குதளம் வைத்திருக்கும் பூட்டு போன்றது. உருவாக்குவதும் ஏற்கெனவே உள்ளதா என அறிவதும் ஒரே அழைப்பில் முடிவதால், இடையில் இன்னொரு பிரதி நுழைய முடியாது. முன்பே இருந்தால் 183 என்ற பிழை எண் வரும். நிரல் பாதியில் முறிந்தாலும் இயங்குதளமே அதை விடுவித்துவிடும்.

மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் எழுதுவோர் ஓர் இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மியூட்டெக்ஸை ஒரு செயல்கூற்றின் உள்மாறியில் வைத்துவிட்டுப் பிறகு தொடாமல் விட்டால், பயன்படாதவற்றை நினைவகத்திலிருந்து தானே நீக்கும் கார்பேஜ் கலெக்டர் அதை அகற்றிவிடலாம். சோதனைப் பதிப்பில் இது தெரியாது. கடைக்குப் போகும் பதிப்பில்தான், அதுவும் எப்போதாவது, இரண்டாவது பிரதி திறந்துகொள்ளும். நிரல் முடியும்வரை வாழும் ஸ்டேட்டிக் மாறியில் வையுங்கள். ஒரே கணினியில் இருவர் தனித்தனியாக உள்நுழைந்திருந்தால் மியூட்டெக்ஸ் பெயரின் முன் ‘குளோபல்’ என்ற முன்னொட்டும் தேவை. இல்லாவிட்டால் தடை அவரவர் அமர்வோடு நின்றுவிடும்.

இரண்டாவது பிரதி ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று அதட்டிவிட்டு மூடக் கூடாது. முதல் சாளரத்தை முன்னே கொண்டுவந்துவிட்டு விலக வேண்டும். பயனர் கேட்டது அந்தத் திரையைத்தான். தரவுத்தளத்தைத் தொடும் முன்பே ‘திறக்கிறது’ என்ற சிறு திரையைக் காட்டினால் மறுபடி சொடுக்கும் தேவையே குறையும்.

கடையில் இரண்டாவது கணினி வந்தால் மியூட்டெக்ஸ் உதவாது. ஆகவே பில் எண்ணை, சேமிக்கும் கணத்தில் தரவுத்தளமே வழங்கும்படி மாற்றி, பில் எண்ணுக்கான நெடுவரிசையில் ஒரே எண் இருமுறை வராதபடி தடையும் போட்டேன்.

புதிய பதிப்பை நிறுவிய அன்று, முதலாளியின் எதிரிலேயே அந்தப் பணியாளரிடம் தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன்.