ஆயிரம் லிட்டர் பவளத் தொட்டி: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது

எட்டடிக்குக் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கண்ணாடி விலையை. முதலில் பார்க்க வேண்டியது தரையை. 240 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமுள்ள தொட்டி விளிம்புவரை 1,080 லிட்டர் கொள்ளும். 15 மி.மீ. கண்ணாடியின் எடையே ஏறத்தாழ 210 கிலோ. தண்ணீர், கல், ஸ்டாண்டு, வடிகட்டவும் நீரைத் திருப்பி மேலேற்றவும் கீழே நிற்கும் சம்ப் என்ற சிறு தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை டன்னைத் தாண்டும். அத்தனையும் 1.8 சதுர மீட்டரில் உட்காருகிறது. அதாவது சதுர மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல். வீட்டுத் தளங்களை நம் நாட்டில் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் கணக்கிடுகிறார்கள். தரைத்தளமாக இருந்து, கீழே மண் நன்றாக இறுகியிருந்தால் கவலை குறைவு. மாடி என்றால் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் வைக்கக் கூடாது. தளம் இடிந்து விழ வேண்டியதில்லை. ஒரு மூலை இரண்டு மூன்று மி.மீ. இறங்கினாலே கண்ணாடி முறுக்கிக்கொண்டு ஒட்டு பிளக்கும்.

செலவைத் தீர்மானிக்கும் அளவு உயரம்தான். தண்ணீர் கண்ணாடியைத் தள்ளும் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. இதே தொட்டியை 75 செ.மீ. உயரமாக்கினால் 15 மி.மீ. கண்ணாடி போதாது, 19 மி.மீ. வேண்டும். எடை கூடும், விளக்கின் வாட் கூடும், அடியில் விழுந்த கல்லை எடுக்கக் கை எட்டாது. உயரத்தை 60 செ.மீ.யில் நிறுத்துங்கள். அகலம் கூடியிருந்தால் பாறை அடுக்குக்கு ஆழம் கிடைக்கும், பார்க்கவும் அதுவே அழகு.

கண்ணாடிக் கடையில் டஃபன்டு கண்ணாடி (சூடேற்றி இறுக்கியது) வலிமையானது என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். வேண்டாம்; அதில் பிறகு துளை போட்டால் முழுப் பலகையும் நொறுங்கிவிடும். சாதாரண ஃப்ளோட் கண்ணாடியே போதும். துளைகளை ஒட்டுவதற்கு முன்பே வைரப் பிட்டால் போட்டுவிட வேண்டும். மேல் விளிம்பில் நாலு பக்கமும் 8 முதல் 10 செ.மீ. அகலப் பட்டை ஒட்டாமல் இந்த நீளத்துக்குத் தண்ணீர் நிரப்பக் கூடாது. சிலிக்கான் வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை ரகம் கூடவே கூடாது. ஒட்டிய பின் குறைந்தது இரண்டு வாரம் காயவிட்டு, கார்ஷெட்டிலோ வாசலிலோ குழாய்த் தண்ணீரை நிரப்பி ஒரு வாரம் பாருங்கள். ஸ்டாண்டுக்கு 50 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. தடிப்பு, 80 செ.மீ.க்கு ஒரு கால், எபாக்ஸி பெயின்ட் இரண்டு பூச்சு. சம்பை முதலில் உள்ளே வைத்துவிட்டுத் தொட்டியை ஏற்றுங்கள். பிறகு அது நுழையாது.

கரண்ட் போனால் எவ்வளவு தண்ணீர் இறங்கும்?

பெரிய தொட்டிகளில் வீட்டை நனைப்பது பெரும்பாலும் கண்ணாடி உடைவதல்ல, இந்தக் கணக்கைப் போடாததுதான். தொட்டியின் மேற்பரப்பு 1.8 சதுர மீட்டர் என்பதால் நீர்மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 18 லிட்டர் சம்புக்கு வரும். மேலேற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் நின்றதும் அதே குழாய் தலைகீழாக உறிஞ்சத் தொடங்கி 90 லிட்டரைக் கீழே இறக்கும். 150 × 60 செ.மீ. சம்பில் அது 10 செ.மீ. உயரம். அந்த இடத்தைக் காலியாக விடாவிட்டால் அத்தனையும் தரையில்தான். ‘ஒருவழி வால்வு போட்டிருக்கிறோம்’ என்பது பதிலாகாது. ஆறு மாதத்தில் அதில் சுண்ணாம்பும் நத்தையும் படிந்து மூடாமல் நிற்கும். குழாய் வாயை நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே வையுங்கள், சம்பின் 45 செ.மீ. உயரத்தில் 25 செ.மீ. மட்டும் நிரப்புங்கள், பம்பை நிறுத்தி இறங்கும் அளவைக் கண்ணால் பார்த்து அந்த இடத்தில் கோடு போடுங்கள்.

தொட்டியிலிருந்து சம்புக்கு இறங்கும் வடிகாலுக்கு மூன்று குழாய். ஒன்று கேட் வால்வு வைத்து முழுக்க நீர் நிறைந்து ஓடுவது, இரண்டாவது சிறு கசிவாக ஓடுவது, மூன்றாவது எப்போதும் காய்ந்தே இருப்பது. முதல் குழாயில் நத்தை அடைத்தால் இரண்டாவது ஏற்கும். அதுவும் திணறினால் மூன்றாவது. ஒரே குழாய் வைத்து மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாய்தான், அதற்காக இந்த அபாயத்தை வாங்காதீர்கள்.

பிளம்பரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பித்தளை கூடாது. நம் ஊரில் சிபிவிசி இணைப்புகளில் மரை உள்ள பகுதி பித்தளையில் வரும். ஆளுக்கு அது பழக்கம், கேட்காமலே போட்டுவிடுவார். உப்புநீரில் பித்தளையிலிருந்து செம்பு கரையும். மீனுக்கு உடனே ஒன்றும் தெரியாது, ஆனால் நத்தை, இறால், பவளம் ஒவ்வொன்றாகச் சாகும். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருப்பார்கள். உப்பு கலக்க வீட்டு மோட்டாரைப் பயன்படுத்துவதும் இதே தவறுதான், அதன் உள் சக்கரம் பித்தளை. பழைய ஏசியைப் பிரித்து அதன் செப்புச் சுருளைச் சம்பில் இறக்கித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் செய்யும் யோசனையும் அடிக்கடி வருகிறது. தொட்டியை ஒரேயடியாகக் கொல்லும் வழி அது. தண்ணீரில் படும் சுருள் டைட்டானியமாக இருக்க வேண்டும்.

தண்ணீரும் உப்பும்

கல்லும் மணலும் இடம் பிடித்தது போக, தொட்டியும் சம்பும் சேர்ந்து சுமார் 1,150 லிட்டர். லிட்டருக்கு 37 கிராம் வீதம் முதல் நிரப்பலுக்கு 42 கிலோ கடல்உப்புக் கலவை வேண்டும். இங்கேதான் ஒரு ஆசை எழும்: தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பும் கடலிலிருந்து வந்ததுதானே? வந்தது கடலிலிருந்துதான், ஆனால் கடல் முழுவதும் அதில் இல்லை. பாத்தியில் நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்து பிரிகின்றன. பிறகு சோடியம் குளோரைடு படிகமாகிறது. மெக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு எல்லாம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியேறிவிடுகின்றன. பவளத்துக்குத் தேவையான கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1,300 பிபிஎம் என்ற அளவுகள் கல்லுப்பில் வராது.

உண்மையில் மிச்சம் தருவது கடல்நீர். கரையோரம் வசிப்பவர்கள் ஆற்று முகத்துவாரம், துறைமுகம், சாக்கடை கலக்குமிடம் விட்டு விலகி எடுத்து, 5 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, மூடிய இருட்டுத் தொட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பயன்படுத்தலாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் வேண்டாம்; ஆற்று வெள்ளம் கலந்து கரையோர நீரின் உப்பு இறங்கியிருக்கும். எந்த நீராக இருந்தாலும் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, அடர்த்தி 1.026 என்று பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ நீரில் அளவு திருத்தாமல், 35 பங்குத் திரவத்தில் திருத்துங்கள்.

ஆவியாகும் நீரை ஈடுகட்ட ஆர்ஓ நீர் கட்டாயம். சமையலறை ஆர்ஓ உதவாது, அதில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறார்கள். 100 கேலன் மெம்பிரேனோடு, மிஞ்சும் உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் வைத்தால் நாளைக்கு 380 லிட்டர்வரை, கரைந்த உப்பின் அளவான டிடிஎஸ் பூஜ்ஜியமாக வரும். உப்புக் கிணற்று நீரில் இதில் பாதிதான் வரலாம். கழிவு நீரைத் துணி துவைக்கவும் கழிவறைக்கும் திருப்பிவிடுங்கள்.

கல் எங்கே வாங்குவது

மண்டபம், ராமேசுவரம் பக்கத்திலிருந்து உயிர்க்கல் (சிற்றுயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டு) கொண்டுவந்து தருவதாக யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், விசிறிப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம் ஆகியவையும் 2001-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் மிகக் கடும் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடற்குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. தண்டனை மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுவரை சிறை. ‘இது இந்தோனேசியாவிலிருந்து வந்தது’ என்ற விற்பவரின் வாய்ச்சொல் உங்களைக் காப்பாற்றாது. சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாவில் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் வரவேற்பறை அழகுக்காக அங்கிருந்து ஒரு கூடை கல்கூட வரக் கூடாது.

நாமே செய்துகொள்ளலாம், மலிவும் அதுதான். வெள்ளை சிமென்ட் ஒரு பங்கு, கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் உடைத்த கிளிஞ்சல் இரண்டு பங்கு, கல்லுப்பு இரண்டு பங்கு. கல்லுப்புக்கு உண்மையான வேலை இங்கேதான். ஈர மணலில் குழிபோட்டு வார்த்து, நாலு வாரம் ஈரத்தில் வைத்து இறுகிய பின் நன்னீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து ஓட்டைகள் விழும். பாக்டீரியா குடியேறும் இடம் அந்த ஓட்டைகள். ஆறு முதல் எட்டு வாரம் நீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள். 24 மணி நேரம் தேங்கிய நீரின் பிஎச் 8.5-க்குக் கீழே வரும்வரை தொட்டிக்குள் வைக்காதீர்கள். சிமென்ட்டின் காரம் மீனைக் கொல்லும். இந்தத் தொட்டிக்கு 60 முதல் 70 கிலோ போதும். கடற்கரை மணலை அள்ளிவந்து போடுவதும் வேண்டாம். நம் கரைகளில் கார்னெட் கலந்த மணல் அதிகம், அது கண்ணாடியைவிடக் கடினம். காந்தத் துடைப்பானில் நாலு மணல்மணி சிக்கினால் முன்கண்ணாடி முழுக்கக் கீறல்தான்.

என்ன வளர்ப்பது

கல் எலும்பு இல்லாத மென்பவளங்கள்: லெதர், மஷ்ரூம், சோவாந்திட், சீனியா. கடலில் வெட்டியதாக இல்லாமல் தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டுகளாக, ரசீதோடு வாங்குங்கள். நடப்பு அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது. சட்டச் சிக்கல் தவிர்வதோடு செலவும் இறங்குகிறது. ஒளி நடுத்தரமாக இருந்தால் போதும். 100 வாட் எல்இடி நாலு, தினம் எட்டு மணி நேரம். ஓட்டத்துக்கு, நீரை அலைபோல் தள்ளும் வேவ்மேக்கர்கள் எல்லாம் சேர்த்து மணிக்கு 20,000 லிட்டர். நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை மட்டும் 1,500 லிட்டர் தொட்டிக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள், வீட்டில் செய்வது பெரும்பாலும் சரிவருவதில்லை.

கால்சியமும் காரத்தன்மையும் குறைந்தால் பெயர்போன புட்டிகள் தேவையில்லை. 1,000 லிட்டருக்கு 30 கிராம் சமையல் சோடா போட்டால் காரத்தன்மை ஒரு டிகேஎச் (அதை அளக்கும் அலகு) ஏறும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்றாதீர்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது சுண்ணாம்பை, லிட்டருக்கு ஒன்றரை கிராம் வீதம் ஆர்ஓ நீரில் கலக்கித் தெளியவிட்டு, ஆவியாகும் நீருக்கு ஈடாக இரவில் சொட்டுச் சொட்டாக விட்டால் இரண்டும் சேர்ந்து ஏறும்.

வெப்பம், மின்சாரம்

தொட்டி கட்டும் செலவு ஒருமுறை. இது மாதந்தோறும். விளக்கு நாளைக்கு 3.2 யூனிட். பம்புகள், ஸ்கிம்மர் எல்லாம் 180 வாட் என்று கொண்டால் 4.3 யூனிட். இரண்டு மாதத்தில் 450 யூனிட், குளிரூட்டல் இல்லாமலே. அதோடு வீட்டின் மற்ற செலவும் சேரும்போது 500 யூனிட் கோட்டைத் தாண்டுவது நிச்சயம். தாண்டினால் கீழ்ப் படிகளின் கட்டணமும் மாறிவிடுகிறது என்பதைக் கணக்கில் எடுங்கள்.

தொட்டி 25 முதல் 27 டிகிரியில் நிற்க வேண்டும். மேற்பரப்பில் மின்விசிறி வைத்தால் ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் சுமார் 0.67 யூனிட் வெப்பத்தைக் கொண்டுபோகும். கோவை போன்ற காற்று உலர்ந்த ஊரில் இது நன்றாக உதவும். சென்னை, தூத்துக்குடிப் புழுக்கத்தில் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. மே மாதத்தில் கைவிட்டுவிடும். அங்கே அந்த அறைக்கு இன்வெர்ட்டர் ஏசி போடுவது, ஒரு குதிரைச் சக்தி சில்லர் வாங்குவதைவிடப் பல வீடுகளில் மலிவாக முடிகிறது, வீட்டு மனிதருக்கும் பயன்படுகிறது.

2016 வர்தா, 2023 மிக்ஜாம் போன்ற புயல்களில் சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 27 டிகிரி கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம்தான். நீர் அசையாமல் நின்றால் சில மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். விளக்கும் குளிரூட்டலும் நிற்கட்டும், ஒரே ஒரு 40 வாட் டிசி வேவ்மேக்கரை வீட்டு இன்வெர்ட்டரில் இணையுங்கள். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று அதை ஒரு நாள் முழுக்க ஓட்டும். எல்லாக் கருவிகளும் மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாகவே வர வேண்டும். ஒயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். உப்புநீரும் மின்சாரமும் சேருமிடத்தில் இதை விட்டு வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள்.

நீர் நிரம்பியதும் மீன் வாங்க ஓடாதீர்கள். மீனின் கழிவை முறிக்கும் பாக்டீரியா முதலில் பெருக வேண்டும்; அதற்கு அம்மோனியம் குளோரைடால் அம்மோனியாவை 2 பிபிஎம் ஆக்கிவிட்டுக் காத்திருங்கள். போட்ட அம்மோனியாவும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்ஜியமாக இறங்கும் நிலைக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் மீனாகத் தொட்டியில் குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீன் இருக்கட்டும். பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் உள்ள ஆய்வு நிலையங்கள் அதன் இனப்பெருக்கத்தை எப்போதோ கைவசப்படுத்திவிட்டன.

சோவாந்திட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அவற்றில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்யக் கொதிநீர் ஊற்றுவதோ, வெயிலில் காயவைத்துத் தேய்ப்பதோ கூடாது. ஆவியையும் தூளையும் மூச்சில் இழுத்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. வெட்டும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள், கல்லை நீருக்குள்ளேயே வைத்து வேலை செய்யுங்கள். வேலை முடிந்த சில மணி நேரத்தில் காய்ச்சல், மூச்சுத் திணறல், வாயில் உலோகச் சுவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதோடு அந்த நஞ்சின் பெயரையும் சொல்லுங்கள்.