கைக்கடிகாரம் என்ற சொல்லுக்குள் ஒரு நீர்க்கிண்ணம்

மோதிரத்தைப் போடுகிறோம், மூக்குக்கண்ணாடியை மாட்டுகிறோம், கடிகாரத்தை மட்டும் கட்டுகிறோம். வேட்டி, சேலை, தாலி ஆகியவற்றுக்கு உரிய வினைச்சொல்லைத் தமிழர்கள் இந்தச் சிறு இயந்திரத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். கட்டும் இடத்தின் பெயரும் மணிக்கட்டு. அந்த மணி நேரத்தைக் குறிப்பதன்று, முன்பு அங்கே கோத்துக் கட்டிய மணிகளைக் குறிப்பது. ஆனாலும் மணி பார்க்கும் கருவி மணிக்கட்டுக்கே வந்து சேர்ந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

கையில் கட்டுவது இன்று பெரும்பாலும் திறன்பேசியின் நீட்சியாகிவிட்டது. இதயத்துடிப்பு, தூக்கம், நடந்த அடிகள், வந்த குறுஞ்செய்தி எல்லாம் அதில் தெரிகின்றன. அதையும் கடிகாரம் என்றே அழைக்கிறோம். அப்படி அழைக்கலாமா என்று கேட்பதற்கு முன், கடிகாரம் என்றால் என்ன என்று பார்த்துவிட வேண்டும்.

கடிகாரத்தின் அடிச்சொல் கடிகை. வடமொழியில் கடம் என்றால் குடம். கச்சேரியில் வாசிக்கும் கடமும் அதே சொல்தான். சிறிய கடம் கடிகை. அடியில் நுண்ணிய துளையிட்ட மெல்லிய செப்புக் கிண்ணம் ஒன்றை, நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்கவிடுவார்கள். துளை வழியே நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கிண்ணம் நிறைந்து மூழ்கினால் ஒரு கடிகை முடிந்தது என்று கணக்கு. உடனே அதை எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிட வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் 60 கடிகை. ஆகவே ஒரு கடிகை இன்றைய கணக்கில் 24 நிமிடம். கிண்ணத்தின் பெயர் அது அளந்த பொழுதுக்கு ஆகி, பிறகு பொழுதைக் காட்டும் எந்தக் கருவிக்கும் ஆனது. தெலுங்கின் கடியாரமும் இந்தியின் கடியும் இதே வேரில் கிளைத்தவை. தமிழிலும் கடியாரம் என்ற வடிவம் வழங்கியதுண்டு. சோளிங்கருக்குத் திருக்கடிகை என்று ஒரு பெயர் இருக்கிறதே, அதுவும் இந்தக் கடிகைதான். அங்கே ஒரு கடிகைப் பொழுது தங்கினாலே வீடுபேறு கிட்டும் என்பது தலத்தின் நம்பிக்கை.

வடமொழிச் சொல் வரும்வரை தமிழர்கள் பொழுதை அளக்காமல் இருக்கவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு, போருக்குச் சென்ற அரசனின் பாசறையைக் காட்டுகிறது. நள்ளிரவில் அங்கே சிலர் கைகூப்பியபடி வருகிறார்கள். ‘பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்’ என்று அவர்களைக் குறிப்பிடுகிறார் நப்பூதனார். ‘நின் குறுநீர்க் கன்னல் இனைத்து’ என்று அரசனுக்கு நேரத்தை அறிவிப்பது அவர்கள் வேலை. குறுநீர்க் கன்னல் என்பது சிறிதளவு நீரைக் கொண்ட நாழிகை வட்டில். கன்னல் என்றால் கரும்பு என்று மட்டும் அறிந்திருப்பவர்கள் இந்தப் பொருளையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். நேரம் சொல்பவனுக்குப் ‘பொய்யா’ என்பதைவிடச் சிறந்த அடைமொழி எந்த மொழியிலும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடிகைக்கு நிகராகத் தமிழில் நிலைத்த சொல் நாழிகை. நெல்லும் அரிசியும் அளக்கும் நாழியோடு உறவுடைய சொல் அது. ‘உண்பது நாழி’ என்ற புறநானூற்று அடியில் வருவது அந்த நாழிதான். நாழிகை என்ற அளவு வழக்கொழிந்த பின்னும், ‘நாழியாகிவிட்டது’ என்று சில வீடுகளில் இன்றும் சொல்வதைக் கேட்கிறோம்.

இந்த அளவைகள் ஒரு சுவையான தடத்தை விட்டுச் சென்றிருக்கின்றன. நாழிகையின் அறுபதில் ஒரு பங்கு விநாழிகை, அல்லது விநாடி. கணக்கிட்டால் அது 24 செகண்டு. ஐரோப்பியக் கடிகாரம் வந்தபோது, அதன் மிகச் சிறிய அளவுக்கு இந்தச் சொல்லையே எடுத்துக் கொடுத்துவிட்டோம். எழுத்தும் வினாடி என்று மாறியது. அதாவது நம் வினாடி முன்னிருந்ததில் 24-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. நிமிடத்துக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறு. அது கண் இமைக்கும் பொழுதைக் குறித்த நிமிஷத்தின் திரிபு. ஓர் இமைப்பு 60 வினாடிக்கு நீண்டுவிட்டது! தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது ‘கண்ணிமை நொடி’ என்கிறது; இமைப்பதும் விரலை நொடிப்பதும் அங்கே சம அளவு. ஆகவே செகண்டுக்கு நொடி என்று எழுதுவோர் பக்கமே நான் நிற்கிறேன். விரலைச் சொடுக்கும் ஓசையும் முள் நகரும் ஓசையும் ஒன்றுக்கொன்று இயைகின்றன. வினாடி முள் என்பது பிழையில்லை. நொடிமுள் அதைவிட அழகு.

ஈழத்தவர் கடிகாரத்தை மணிக்கூடு என்பார்கள். மணியின் கூடு. தமிழ்நாட்டில் கடைத்தெருக்களின் நடுவே நிற்கும் மணிக்கூண்டும் இதற்கு நெருங்கிய உறவுதான். மணி அடித்து நேரம் அறிவித்ததால், ஓசையெழுப்பும் மணியே நேரத்தின் பெயராகிவிட்டது; ‘மணி என்ன?’ என்று கேட்கிறோம். ஆங்கிலத்தின் கிளாக் என்ற சொல்லும் மணியைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லின் வழி வந்ததுதான். தொலைவிலிருந்த இரண்டு மொழிகள் ஒரே காரணத்துக்காக ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. மணிக்கூடு வட்டார வழக்கு என்று சில தமிழ்நாட்டுப் பதிப்பாளர்கள் அதைத் திருத்துவது தவறு. கைக்கடிகாரத்துக்கு எந்த வகையிலும் குறையாத தரச்சொல் அது.

வாட்ச் என்ற சொல்லின் கதை வேறு. அதன் பழைய ஆங்கிலப் பொருள் விழித்திருத்தல். விழிப்பு, காவல், இரவின் ஒரு காவற்பொழுது என்று அது விரிந்தது. நம் யாமத்துக்கும் சாமக்காவலுக்கும் இணையானது. பொழுதைக் காட்டும் கருவியை அது பிற்பாடுதான் குறித்தது. ஆக, வாட்ச் என்பது விழித்துக் காவல் நிற்பது. கடிகாரம் என்பது அளந்துவிட்டு மூழ்கும் கிண்ணம். இன்றைய திறன் கருவிக்குப் பொருந்துவது ஆங்கிலச் சொல்லே. அது இரவெல்லாம் விழித்திருந்து நம் தூக்கத்தைக் கணக்கெடுக்கிறது, நாடியைக் கவனிக்கிறது, நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் எழச் சொல்கிறது. காவலன் செய்யும் வேலை அது. பழைய முள் கடிகாரம் கட்டுபவர்கள் விரும்புவது கிண்ணத்தை. பொழுதை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கும் கருவி அவர்களுக்குப் போதும்.

கையில் கட்டும் வழக்கம் மிகப் பழையதன்று. நேப்பிள்ஸ் அரசி கரோலினுக்காகப் பாரிஸ் கடிகாரக் கலைஞர் பிரெகே 1810-இல் செய்யத் தொடங்கிய கடிகாரத்தை முதல் கைக்கடிகாரங்களில் ஒன்றாகக் குறிப்பிடுவார்கள். நெடுங்காலம் அது பெண்களின் அணிகலனாகவே இருந்தது. ஆண்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். காந்தி கடைசிவரை இடுப்பில்தான் தொங்கவிட்டிருந்தார். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பையைத் துழாவ நேரமில்லாமல் போனபோது, ஆண்களின் மணிக்கட்டுக்கும் கடிகாரம் ஏறியது.

இந்தியாவில் அதைப் பொதுச்சொத்தாக்கியது மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் அது தொடங்கிய ஆலையிலிருந்து ஜனதா, பைலட், கோஹினூர் என்று பல வகைகள் வந்தன. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் 1984-இல் சேர்ந்து தொடங்கியது டைட்டன், ஆலை ஓசூரில். டாடா, தமிழ்நாடு ஆகிய இரண்டின் எழுத்துகளும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. மின்கலத்தில் ஓடும் டைட்டனின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்த பிறகு சாவி கொடுக்கும் கடிகாரங்கள் மெல்ல மறைந்தன. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடும் முடிவு 2016-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆப்பிளின் கைக்கருவி கடைக்கு வந்திருந்தது.

என் கையில் இருப்பது ஒரு ஜனதா. அது மணிக்கு 18,000 அடி துடிக்கிறது, நொடிக்கு 5. ஒரு நாழிகைக்கு 7,200. குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் ஒரே நொடியில் 32,768 முறை அதிர்கிறது. துல்லியத்தில் ஜனதா அதன் அருகில்கூட வராது. நாளொன்றுக்கு அது சில நொடிகள் முன்னே போகும், பின்னே வரும். பழைய கணக்கில் ஒரு விநாழிகைக்கு உட்பட்ட பிழை அது. பொய்யா மாக்கள் அதை மன்னித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பழுது பார்ப்பவர் பின்மூடியைத் திறந்து ‘மிஷின் நல்லா இருக்கு’ என்று சொல்லும்போது வரும் நிறைவு, மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன கருவிக்குக் கிடைக்காது. பழைய கடிகாரங்களைச் சேகரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய மிஷினுக்கு மேல் புதிதாக அச்சிட்ட முகப்பைப் பொருத்தி விற்பது பரவலாகிவிட்டது. அசல் ஜனதாவில் இல்லாத பளிச்சென்ற வண்ணங்கள் வருவது அப்படித்தான்.

சாவி கொடுத்தல் என்ற தொடரையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாவி போர்த்துக்கீசியச் சொல். சுவர்க் கடிகாரத்துக்கும் பழைய பைக் கடிகாரத்துக்கும் உண்மையிலேயே தனிச் சாவி இருந்தது. விளிம்பில் திருகு வைக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவி அந்தச் சாவியை ஒழித்தது. நம் கைக்கடிகாரங்களில் ஒருநாளும் சாவி இருந்ததில்லை. ஆனாலும் சாவி கொடுக்கிறோம். அந்தத் திருகின் வடிவம் இன்றைய திறன் கருவியின் விளிம்பிலும் இருக்கிறது, முறுக்குவதற்கு உள்ளே வில்சுருள் இல்லாவிட்டாலும்.

இனி எந்தச் சொல்லை எதற்கு வைப்பது? மணிப்பொறி, மணிகாட்டி என்று எழுதும் தனித்தமிழ் அன்பர்களை மதிக்கிறேன். ஆனால் கடிகாரம் தமிழ் ஓசையோடு முழுதாக இணைந்துவிட்ட சொல், அதை விலக்கத் தேவையில்லை. திறன்பேசியை ஏற்றுக்கொண்ட நாம் அந்த வழியில் திறன்கடிகாரம் என்பதையும் ஏற்கலாம். பேச்சில் ஸ்மார்ட் வாட்ச் என்பதும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ‘திறன்’ என்ற முன்னொட்டை விட்டுவிட்டு, அதையே வெறும் கடிகாரம் என்றும், மற்றதைப் ‘பழங்கால’ அல்லது ‘பாரம்பரியக்’ கடிகாரம் என்றும் எழுதும் விளம்பரப் போக்கை நான் ஏற்க மாட்டேன். அடைமொழி வேண்டியது புதிதாக வந்ததற்கு. மெக்கானிக்கலைச் சாவிக் கடிகாரம் எனலாம், அனலாகை முள் கடிகாரம் எனலாம். கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் உடனே புரியும். குவார்ட்ஸ் அப்படியே இருக்கலாம்.

எழுத்துப்பிழை ஒன்றும் பரவலாக இருக்கிறது. கடைப் பலகைகளில் ‘கைகடிகாரம்’ என்றும் ‘கை கடிகாரம்’ என்றும் எழுதுகிறார்கள். க் மிக வேண்டும்: கைக்கடிகாரம். விரித்தால் ‘கையில் கட்டும் கடிகாரம்’ என்று ஆவதால், இது ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இல் என்ற உருபும் கட்டும் என்ற சொல்லும் இரண்டு சொற்களுக்கு நடுவே மறைந்திருக்கின்றன. அந்த இடத்தில் கேட்கும் ஒற்றுதான் இந்தக் க்.