வீட்டுப் பத்திரமும் வைடாங்கி ஒப்பந்தமும்

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வீட்டுக் கிரய வேலை பார்க்கும் வழக்கறிஞர் நான். முதல் வீடு வாங்க வரும் நம்மவர்கள், வட்டிக் கணக்கெல்லாம் பேசி முடித்தபின் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்று உண்டு: "நாளைக்கு மாவோரிகள் வந்து இது எங்க நிலம்னு கேட்டா என்ன சார் பண்றது?"

மாவோரிகள் இந்த நாட்டின் பூர்வகுடிகள். ஆனாலும் தனியார் வீட்டை அப்படி எடுக்க முடியாது. 1975 சட்டத்தின் கீழ் அமைந்த வைடாங்கி தீர்ப்பாயம் விசாரிப்பது, பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் செய்த வைடாங்கி ஒப்பந்தத்தை மீறியதாக அரசின் மீது வரும் புகார்களை. தனியார் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி அது பரிந்துரைக்கக் கூடாது என்று 1993-இல் சட்டமே திருத்தப்பட்டது.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. அரசு நிறுவனங்களுக்குப் போய், பிறகு கைமாறிய நிலங்களின் பத்திரத்தில் '27பி' என்றொரு குறிப்பு இருக்கலாம். 1987-இல் மாவோரி கவுன்சில் அரசை எதிர்த்து வழக்காடி வென்றதன் விளைவு அது. அந்த நிலத்தை மீட்கத் தீர்ப்பாயம் சொல்லலாம். சொன்னால் உரிமையாளருக்கு அரசு இழப்பீடு தந்தாக வேண்டும். நடப்பது மிக மிக அரிது. அந்தப் பகுதி மாவோரிக் குழுவோடு அரசு உடன்பாடு செய்து முடித்ததும் குறிப்பைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறார்கள்.

இந்த ஊரில் நிலம் பறிபோன கதை உண்டுதான். பறிகொடுத்தவர்கள்தான் வேறு.

1840 பிப்ரவரி 6-இல் கையெழுத்தான வைடாங்கி ஒப்பந்தம், மாவோரிகள் விரும்பும்வரை நிலமும் காடும் மீன்பிடியும் அவர்களுடையதே என்றது. விற்பதானால் அரசுக்கு மட்டுமே என்றும் சொன்னது. வாங்குபவர் ஒரே ஆள் என்றால் விலையை யார் வைப்பது? அதே ஆண்டு இப்பகுதியின் ங்காட்டி ஃபாட்டுவா என்ற மாவோரிக் குலத்தின் தலைவர் ஆபிஹை தே காவாவ், ஆக்லாந்தில் அமையவிருந்த தலைநகருக்காக ஏறத்தாழ 3,000 ஏக்கர் கொடுத்தார். அரசு தந்தது பணமும் பொருளுமாக 341 பவுண்டு. ஒன்பது மாதத்துக்குள் அதில் வெறும் 44 ஏக்கரை 24,275 பவுண்டுக்கு விற்றது.

தொழில் முறையில் என்னை அதிகம் உறுத்துவது மாவோரி நிலங்களுக்கான 1865 சட்டம். குலமே சேர்ந்து ஆண்ட நிலத்துக்குப் பத்துப் பேர் வரைக்கும்தான் பெயர் எழுதினார்கள். மற்றவர்கள் பத்திரத்திலேயே இல்லை. அளவைக் கட்டணம், நீதிமன்றச் செலவு, அதற்கு வாங்கிய கடன் எல்லாம் ஏறி, கடைசியில் நிலத்தை விற்றுத்தான் அடைத்தார்கள். ஆக்லாந்துக்குத் தெற்கே வைக்காட்டோவில் படை அனுப்பிப் பறித்தார்கள் என்றால், இங்கே எல்லாம் கையெழுத்து முத்திரையோடு முறைப்படி.

1950-களின் தொடக்கத்தில் ஆக்லாந்தின் ஒகாஹு கடற்கரையில் இருந்த ங்காட்டி ஃபாட்டுவா மக்களின் ஊரைக் காலி செய்து வீடுகளை எரித்தார்கள். கால் ஏக்கர் இடுகாடு மிஞ்சியது. 1977-இல் அதே மக்கள் ஜோ ஹாக் தலைமையில், நிலத்தைத் திருப்பிக் கேட்டு, அருகிலுள்ள பாஸ்டியன் பாயிண்டில் குடியேறி 506 நாள் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து 222 பேரைக் கைது செய்தது. அந்த நிலம் பின்னாளில் அவர்களுக்கே திரும்பியது.

இன்று நகர மையத்தில் குவே பார்க் பக்கத்து அடுக்குமாடிகள் பலவற்றின் அடிநிலம் அவர்களுடையது. விலை மலிவாக இருக்கிறதே என்று ஓடுபவர்கள் கவனிக்க: அது குத்தகை நிலம், நிலவாடகை தனி. நிலச் சொந்தக்காரர் மாவோரி என்பதால் வரும் சிக்கல் அல்ல. மற்ற அறக்கட்டளைகளின் குத்தகை நிலத்திலும் இதே கதைதான். வாடகையை எப்போது மறுநிர்ணயம் செய்வார்கள் என்று கேளுங்கள். பத்திரத்தையும் குத்தகை ஒப்பந்தத்தையும் ஏலத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். சுத்தியல் விழுந்தபின் கொண்டுவந்தால் பின்வாங்க வழியில்லை.