சொல் விளக்கம்: பினீசியர்

லெபனானுக்குக் கிளம்பும் நண்பர் குழு ஒன்றுக்குப் பயண நிரலைத் தமிழில் எழுதித் தரவேண்டியிருந்தது. காலையில் பெய்ரூட்டில் வேன் ஏறி, பழைய பினீசியக் கடற்கரை நகரங்கள் மூன்றைக் கைடோடு சுற்றிப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பும் ஒருநாள் சுற்றுலா. ஒரு பக்கம்தானே, அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே இரண்டு பெயர்கள் மறித்துக்கொண்டன. ஒன்று, பழங்காலத்தில் அந்தக் கடற்கரையில் வாழ்ந்து கடல் வணிகம் செய்த அந்த மக்களின் பெயர். மற்றொன்று அவர்களுடைய பெரிய ஊரின் பெயர். ஆங்கில ஒலிப்பை அப்படியே எழுதினால் அது 'டயர்'. "11 மணிக்கு டயர், 2 மணிக்கு மதிய உணவு" என்று எழுதினால் வேன் பஞ்சரான கதை மாதிரி இருக்கிறது.

மக்கள் பெயரை முதலில் பார்ப்போம். பினீசியர் என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே இல்லை, கிரேக்கர் வைத்தது. கிரேக்கத்தில் 'பொய்னிக்ஸ்' என்றால் கருஞ்சிவப்பு. பேரீச்ச மரத்துக்கும் அதே சொல், சாம்பலிலிருந்து எழும் கதைப்பறவைக்கும் அதே சொல். பறவையை நாம் பீனிக்ஸ் என்று எடுத்துக்கொண்டோம். மரம் தாவரவியலுக்குள் போய்விட்டது: பேரீச்சையின் பேரினப் பெயர் பீனிக்ஸ். நம்மூர் ஓடைக்கரையில் நிற்கும் ஈச்சமரமும் அதே பேரினம்தான், பீனிக்ஸ் சில்வெஸ்ட்ரிஸ். ரோமானியர் வாயில் இந்தப் பெயர் 'பொயனி', 'பியூனிகுஸ்' என்று திரிந்தது. பினீசியர் வட ஆப்பிரிக்காவில் போய்க் குடியேறி அமைத்த கார்த்தேஜ் நகரத்தோடு ரோம் நடத்திய பியூனிக் போர்களின் பெயரும், மாதுளையின் அறிவியல் பெயரில் முதலில் நிற்கும் 'பியூனிகா'வும் அதிலிருந்து வந்தவை.

இத்தனை பொருளில் எது மக்களுக்கு ஒட்டியது? நிறம் என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். அவர்கள் கப்பலில் ஏற்றி விற்ற துணியின் நிறம் அது. ஆக, 'சிவப்புத் துணிக்காரர்' என்று வாடிக்கையாளர் வைத்த பெயர்தான் வரலாற்றில் நிலைத்தது. அவர்களைக் கேட்டிருந்தால் சூர் (மேலே சொன்ன 'டயர்'தான்) ஊர்க்காரன், சீதோன் ஊர்க்காரன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஊருக்கு ஓர் அரசன் இருந்தானே தவிர, பினீசியா என்று ஒரே நாடாக அவர்கள் ஒருபோதும் இருந்ததில்லை. பொதுப்பெயர் வேண்டுமென்றால் கானானியர். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில்கூட வட ஆப்பிரிக்கக் குடியானவர்கள் தங்களைக் கானானியர் என்றே சொல்லிக்கொண்டார்கள் என்று புனித அகுஸ்தீன் எழுதியிருக்கிறார்.

அந்த நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முள் முளைத்த ஒருவகைக் கடல்நத்தையின் உடலில் சிறு சுரப்பி ஒன்று உண்டு. அதைக் கீறினால் வருவது வெளிறிய சளி, அவ்வளவுதான். காற்றும் வெயிலும் பட்டபின் அது பச்சையாகி, நீலமோடி, கடைசியில் செந்நீலமாக நிற்கும். பெரிய நத்தை என்றால் ஓட்டைத் துளைத்துச் சுரப்பியை எடுப்பார்கள், சிறியவற்றை ஓட்டோடு நசுக்கிவிடுவார்கள். 1909இல் பிரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளை உடைத்து எடுத்த சாயம் 1.4 கிராம். ஒரு சிட்டிகை! அதை ஆராய்ந்தபோது, நம் அவுரிச் சாயத்தின் மூலக்கூறிலேயே இரண்டு புரோமின் அணுக்கள் கூடுதலாக ஒட்டியிருந்தன. சாயப்பட்டறைகளால் சூர் நகரம் குடியிருக்க லாயக்கில்லாமல் போனது, ஆனால் பணம் கொழித்தது என்று பழைய புவியியலாளர் ஸ்ட்ராபோ குறித்து வைத்திருக்கிறார். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீதோனில் வீசியெறிந்த ஓடுகள் குவிந்து ஒரு மேடாகவே ஆகிவிட்டன.

இந்த நிறத்துக்குத் தமிழில் என்ன சொல்வது? அகராதியைப் பிரித்தால் 'ஊதா' என்று வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊதா என்றதும் நமக்குக் கத்தரிப்பூ நினைவுக்கு வருகிறது. உயர்ந்த ரகத் துணி உறைந்த இரத்தத்தின் நிறத்தில் இருக்கும், நேரே பார்த்தால் கறுப்பாகவும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மின்னலாகவும் தெரியும் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. தமிழ் வேதாகமத்தில் இதற்கு நல்ல சொல் ஒன்று எப்போதோ வந்துவிட்டது: இரத்தாம்பரம். பிலிப்பி பட்டணத்தில் பவுல் சந்திக்கும் லீதியாள் 'இரத்தாம்பரம் விற்கிறவள்'. இரத்தச் சிவப்பு ஆடை என்று பிரித்தால் பிளினி சொன்னதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வடசொல்தான், ஆனால் குறி தவறவில்லை. தனித்தமிழே வேண்டும் என்பவர்கள் செந்நீலம் என்று எழுதலாம்.

ஊர்ப்பெயர்ச் சிக்கலும் அதே நூலில்தான் தீர்ந்தது. கோயிலுக்குப் போகிற தமிழ்க் கிறிஸ்தவர் எவரும் 'தீரு, சீதோன்' என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர். உள்ளூர்க்காரர்கள் சொல்லும் அரபுப் பெயரோ 'சூர்'. பினீசிய மொழியில் அதற்குப் பாறை என்று பொருள், ஊரும் கடலுக்குள் நின்ற பாறைத்தீவுதான். கி.மு. 332இல் அலெக்சாண்டர் ஏழு மாதம் முற்றுகையிட்டு, கடலைத் தூர்த்துப் பாதை போட்டுப் பிடித்தான். அந்தப் பாதையில் மணல் சேர்ந்து சேர்ந்து, இன்று வேன் நேராக ஊருக்குள் போய்விடுகிறது. அங்கே கண்ணில் படும் தூண்களும் வளைவும் தேரோட்டத் திடலும் ரோமானியர் கட்டியவை. சீதோனில் (இன்றைய சைதா) எல்லோரும் போட்டோ எடுக்கும் கடல்கோட்டை 13ஆம் நூற்றாண்டில் சிலுவைப்போர் வீரர்கள் எழுப்பியது. 'பினீசிய' என்று போட்ட பயணத்தில் பினீசியர் பெரும்பாலும் காலடியில்தான் கிடக்கிறார்கள் என்பதை நிரலிலேயே எழுதிவிட்டேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது பாருங்கள்.

மூன்றாவது ஊர் பெய்ரூட்டுக்கு வடக்கே. அரபில் ஜுபைல், பழம்பெயர் குப்லா, கிரேக்கர் சொன்னது பிப்லோஸ். எகிப்தியப் பாப்பிரஸ் தாள் இந்தத் துறைமுகம் வழியாகக் கிரேக்கத்துக்குப் போனதால் தாளுக்கே ஊர்ப்பெயர் வந்தது என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். தாளிலிருந்து நூலுக்கு 'பிப்லியோன்', அதிலிருந்து பைபிள். தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லும் 'விவிலியம்' அதே சொல்லின் தமிழ் உருவம். எழுத்துக்கும் இந்த ஊர் பேர்போனது. இங்கே கிடைத்த அகிராம் அரசனின் கல்பேழையில், 22 மெய்யெழுத்து கொண்ட பினீசிய நெடுங்கணக்கில் வெட்டிய சாபம் ஒன்று இருக்கிறது. ஆனால் பேழையைப் பார்க்க பெய்ரூட் தேசிய அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும்.

இனி மக்கள் பெயருக்கு வருவோம். வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் அந்த நாடு 'பெனிக்கே'. கிரேக்க ஒலிக்கு நெருங்கியது அதுதான். இலத்தீனும் ஆங்கிலமும் சுற்றி வந்ததால் ககரம் சகரமாகி, நமக்குப் 'பினீசியா' கிடைத்தது. 'செந்நீலர்' என்று மொழிபெயர்த்தால் அழகாக இருக்கும், ஆனால் படிப்பவர் ஏதோ சங்ககாலக் குடி என்று நினைத்துக்கொள்வார். 'ஃபீனீஷியன்' என்று எழுதுவது அதைவிட மோசம். பாடநூலில் படித்துப் பழகிய பினீசியரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். 'கைடட் டே ட்ரிப்' மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு 'வழிகாட்டியுடன் ஒருநாள் உலா' போதும், சுற்றுலாவுக்குள்ளேயே உலா இருக்கிறதே. நண்பர்களுக்கு அனுப்பிய தலைப்பு இது:

"வழிகாட்டியுடன் ஒருநாள் உலா: பினீசியக் கடற்கரை நகரங்கள் — தீரு (சூர்), சீதோன் (சைதா), பிப்லோஸ் (ஜுபைல்)."