மழை மாசத்துல எம்புட்டு கட்ட முடியுமோ அதான் உங்க ஆர்டி தொகை

நான் மதுரையில போஸ்ட் ஆபீஸ் ஆர்டி ஏஜென்ட், 14 வருஷமாச்சு. ஆர்டின்னா மாசாமாசம் ஒரே தொகைய 5 வருஷத்துக்கு கட்டுற சேமிப்பு. தெற்குவாசல், வில்லாபுரம், அங்கிட்டு அவனியாபுரம் வரைக்கும் மாசாமாசம் வீடு வீடா போறவ. ஆர்டிய பாதில விட்டவங்கள நெறைய பாத்துட்டேன், அதுல காசே இல்லாம விட்டவங்கள விட முதல்லயே பெருசா போட்டுட்டு மூச்சு வாங்கி விட்டவங்கதான் ஜாஸ்தி.

சுங்குடி சேலைக்கு முடிச்சு போடுற அக்கா ஒருத்தங்க. நாள் முழுக்க நூலை சுத்தி சுத்தி நுனிவிரலு காய்ச்சுப் போயிருக்கும், சனிக்கிழமை கூலி. ஆவணில என்னைய கூப்பிட்டு, "200 போட்டு என்னத்த தாயி சேரப்போகுது, ஆயிரமா எழுது"ன்னாங்க. நானும் அப்ப புது ஏஜென்ட்டு, பெரிய தொகைன்னு சந்தோஷமா எழுதிட்டேன், இன்னைக்கு வரைக்கும் அது மனசுல உறுத்துது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி பாதி வரைக்கும் ஓடுச்சு, அப்புறம் அடைமழை. வெயில் இல்லைன்னா சாயம் போட்ட சேலை காயாது, சாயம் நின்னா முடிச்சுக்கு துணி வராது, துணி வரலைன்னா சனிக்கிழமை கை வெறுங்கை. தொடர்ந்து 4 தவணை கட்டல, கணக்கு நின்னுபோச்சு. அடுத்த 2 மாசத்துக்குள்ள பாக்கியை அபராதத்தோட கட்டுனா கணக்குக்கு மறுபடி உயிர் குடுக்கலாம், ஆனா 200க்கே வழியில்லாதவங்க மொத்தமா 4000த்துக்கு எங்க போவாங்க? கட்டுன 3000த்தையும் 3 வருஷம் முடியாம எடுக்க முடியாது. அந்தக்கா என்னைய ஒரு வார்த்தை திட்டல, அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அதுலருந்து புதுசா யாரு கணக்கு தொடங்குனாலும் நான் கேக்குறது ஒண்ணுதான்: வருஷத்துலயே உங்களுக்கு ரொம்ப மோசமான மாசம் எது, அந்த மாசத்துல எம்புட்டு கட்ட முடியும்? அந்த தொகைய எழுதுங்க, 150ன்னா 150. குறைஞ்சது மாசம் 100 ரூபா, அதுக்கு மேல பத்து பத்தா எவ்வளவு வேணா ஏத்திக்கலாம். நல்ல மாசத்துல மிஞ்சுனா இன்னொரு ஆர்டி தனியா போட்டுக்கங்க, ஒரே ஆள் எத்தனை கணக்கு வேணாலும் வச்சுக்கலாம். இல்லைன்னா சீசன்ல காசு இருக்கும்போதே 6 மாசத்த சேத்து முன்கூட்டியே கட்டிடுங்க, 100 ரூபா கணக்குக்கு 10 ரூபா தள்ளுபடி வரும், 12 மாசம்னா 40 ரூபா. முடிச்சுக்கார அக்கா ரெண்டாவது தடவை 200 போட்டு எப்டி ஓட்டுனாங்க தெரியுமா? சனிக்கிழமை கூலி வாங்குன கையோட 50 ரூபாய ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டுட்டுத்தான் கடைக்கே போவாங்க, நான் போனா பாட்டிலை அப்டியே தரையில கவுத்து ரெண்டு பேரும் எண்ணுவோம், நோட்டெல்லாம் நூல் நூலா ஒட்டிக்கிட்டு இருக்கும்.

200 ரூபா 60 மாசத்துக்கு 12,000. 2023 அக்டோபர்ல வந்த 6.7 சதவீத வட்டிக்கு முடிவுல கிட்டத்தட்ட 14,270 கைக்கு வரும். வட்டிய மூணு மாசத்துக்கு ஒருக்கா கவர்மென்ட் மாத்தலாம், ஆனா நீங்க தொடங்குன அன்னைக்கு என்ன வட்டியோ அதேதான் 5 வருஷமும். நடுவுல ஸ்கூல் பீஸ், ஆஸ்பத்திரின்னு வந்தா வார வட்டிக்காரன்கிட்ட ஓடாதீங்க, ஒரு வருஷம் ஒழுங்கா 12 தவணை கட்டியிருந்தா இருக்குற பணத்துல பாதி வரைக்கும் போஸ்ட் ஆபீஸ்லயே லோன் கெடைக்கும், ஆர்டி வட்டிய விட 2 சதவீதம்தான் கூட. ரொம்ப பேருக்கு இது தெரியவே தெரியாது.

தேதியும் முக்கியம்ங்க. 15ஆம் தேதிக்குள்ள கணக்கு தொடங்குனா மாசாமாசம் 15க்குள்ள கட்டணும், 16க்கு மேல தொடங்குனா மாசக் கடைசி வேலை நாள் வரைக்கும் டைம் இருக்கு. உங்களுக்கு காசு எப்ப வருதோ அத பாத்து தொடங்குங்க. தப்புனா மாசத்துக்கு 100க்கு 1 ரூபா அபராதம், சின்னதுதான், ஆனா தப்புறது பழகிடும்.

சேக்குறதுக்கு பெரிய சம்பளம் வேணும்னு நெனைக்கிறவங்களுக்கு நம்ம அழகர்கோயில் பக்கத்து சின்னப்பிள்ளை அம்மாவ சொல்லுவேன். கூலி வேலை பாத்தவங்க, ஊர் பொம்பளைங்கள சேத்து களஞ்சியம் குழுல சேமிக்க வச்சாங்க, 2001ல பிரதமர் வாஜ்பாயே விருது குடுத்து அவங்க காலைத் தொட்டு கும்புட்டாரு.

அப்புறம், என்னைய மாதிரி ஏஜென்ட்கிட்ட காசு குடுத்தா நம்பிக்கையில விட்டுறாதீங்க. குடுத்த உடனே, ஏஜென்ட் வரவு எழுதுற உங்க கார்டுல தொகை எழுதி கையெழுத்து வாங்குங்க, அடிக்கடி பாஸ்புக்ல என்ட்ரி விழுந்திருக்கான்னு பாருங்க, சந்தேகம்னா நேரா கவுன்டர்லயே கேளுங்க, நல்ல ஏஜென்ட் இதுக்கு கோவிச்சுக்க மாட்டா. எங்களுக்கு கமிஷன் கவர்மென்ட் குடுக்குது, நீங்க தனியா ஒரு பைசா குடுக்க வேணாம். கணக்கு தொடங்க போறப்ப ஆதார், பான் கார்டு, போட்டோ எடுத்துட்டுப் போங்க, நாமினி பேர மறக்காம எழுதுங்க.