பினோ கிரிஜோ: சொல்லும் பொருளும்

இத்தாலியின் வடகிழக்குப் பகுதிகளான ஃபிரியூலி, வெனெட்டோ, திரெந்தினோ, ஆல்த்தோ ஆதிஜே ஆகியவற்றில் எடுக்கப்படும் வெள்ளை ஒயின் பினோ கிரிஜோ. Grigio என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'கிரிஜியோ' என்று வரும். அது சரியல்ல. கடைசி o-வுக்கு முன்னுள்ள i, தன் முன்னெழுத்தான g-யை 'ஜ' ஆக்கத்தான் நிற்கிறது, தனியாக ஒலிக்காது.

'கிரிஜோ' என்றால் சாம்பல் நிறம். 'பினோ' பிரெஞ்சிலிருந்து வந்தது, பைன் மரத்தின் பெயரோடு தொடர்புடையது. மணிகள் நெருக்கியடித்து நிற்கும் சிறிய குலை, பார்வைக்குப் பைன் காய் போலவே இருக்கும். சரி, வெள்ளை ஒயினுக்கு ஏன் சாம்பல் என்று பெயர்? சாம்பல் என்பது பழத்தின் தோல். கறுப்புத் திராட்சையான பினோ நுவாரில் நிறம் திரிந்து பிறந்த வகை இது. குலையைக் கையில் எடுத்தால் ஒரு மணி நீலம் பாய்ந்த சாம்பலாக இருக்கும், பக்கத்து மணி பழுப்பேறிய இளஞ்சிவப்பாக இருக்கும்.

அந்தத் தோலோடு சாற்றை ஊறவிட்டால் ஒயின் செம்பு நிறம் பெறும். ஃபிரியூலியில் அதை 'ராமாத்தோ' என்பார்கள். 'ராமே' என்றால் செம்பு. இன்று நாம் காணும் வெளிறிய பினோ கிரிஜோ பிறகு பரவியது. 1961இல் சாந்தா மார்கரீத்தா நிறுவனம் தோலை உடனே நீக்கி வெள்ளையாக எடுத்து விற்றது, அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒயினைத் தமிழில் என்ன சொல்லலாம்? 'திராட்சரசம்' விவிலியத் தமிழில் ஊறிப்போன சொல். ஆனால் ரசம் என்றதும் புளிக்காத சாறுதான் நினைவுக்கு வருகிறது. 'மது' என்றால் எல்லாவற்றுக்கும் பொது. என் தேர்வு 'தேறல்'. தேறுதல் என்றால் தெளிதல், தேறல் என்றால் தெளிந்த மது. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து, தோலைப் பிரித்து, சாற்றைக் குளிரில் வைத்துக் கசடு அடியில் தங்கும்வரை தெளிய விடுகிறார்கள். அந்தச் செயலே இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. தேறலுக்கு யவனர் (கிரேக்க, ரோமானியர்) உறவும் பழையது. 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்கிறது புறநானூறு 56ஆம் பாட்டு. அரிக்கமேட்டில் கிடைத்த ஒயின் சாடி ஓடுகளில் இத்தாலியச் சாடிகளும் உண்டு. ஆகவே ஒயினுக்குத் தேறல், வெள்ளை ஒயினுக்கு வெண்தேறல். பினோ கிரிஜோவை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். அது ஒரு கொடியின் பெயர், அதைச் 'சாம்பல் பைன்காய்' என்று பெயர்த்தால் யாருக்கும் விளங்காது.

அந்தப் புறநானூற்றுப் பாடலின் 'தண்' (குளிர்ந்த) என்ற சொல் இதற்கு இன்றும் பொருந்தும். 8 முதல் 10 டிகிரி வரை குளிர்வித்துத்தான் பரிமாற வேண்டும். பேரிக்காய், பச்சை ஆப்பிள், எலுமிச்சை வாசனை வரும், வாயில் கனக்காது, புளிப்பு துருத்தாது. அதனால் கடலுணவோடு நன்றாகச் சேரும். மட்டியைப் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து வதக்கிய ஸ்பகெத்தி, பொரித்த கணவாய், இறால் எல்லாம் இதற்கு ஏற்றவை. வெனிஸில் காயவைத்த காட் மீனை ஊறவைத்து வேகவைத்து, ஆலிவ் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு வெண்ணெய்போல் அடித்து ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தருவார்கள். அதன் கொழுப்பையும் உப்பையும் ஒரு மடக்கு பினோ கிரிஜோ கழுவிவிடும். ஃபிரியூலியில் சான் தனியேலே ஊரின் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைதான் துணை. தக்காளியில் நெடுநேரம் வெந்த மாட்டிறைச்சியின் முன்னால் இந்த ஒயின் தண்ணீர்போல் ஆகிவிடும், அங்கே சிவப்பு ஒயினே சரி. வறுத்த பன்றி, காளான் என்றால் ராமாத்தோவை எடுங்கள். தோலில் ஊறியதால் வந்த துவர்ப்புப் பிடிப்பு அதற்கு இருக்கிறது.