சாய்த்து வைத்தால் அசிமெட்ரி ஆகிவிடாது

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒருவர் கடைத் திறப்பு நோட்டீஸைக் கொண்டுவந்து, "கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க" என்றார். கடைப் பெயர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, முதலாளி படம் மறுபக்கம். போன் நம்பர் மூன்று இடத்தில், மூன்று அளவில். திறப்பு தேதியை நானே தேடித்தான் கண்டுபிடித்தேன். இந்த மாதத்தில் இது நான்காவது. டிசைன் செய்த பையனிடம் போனில் கேட்டால், "அசிமெட்ரி அண்ணா, இப்ப அதான் மாடர்ன்" என்கிறான்.

தம்பி, அதற்குப் பெயர் அசிமெட்ரி இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமலே சமமாக நிற்பதுதான் அசிமெட்ரி. பழைய சந்தையில் வெள்ளிக்கோல் வைத்து நிறுப்பார்கள். தட்டு ஒரு பக்கம், நீளக் கோல் மறுபக்கம். கயிறு நடுவில் இருக்காது. ஆனாலும் கோல் நேராக நிற்கும். நோட்டீஸும் அப்படித்தான். பெரிய படத்தை இடப்பக்கம் வைத்தால், வலப்பக்கத்தில் நாலு வரியும் சுற்றிலும் வெற்றிடமும் அதைத் தாங்க வேண்டும். ஜெர்மனியில் யான் சிஹோல்ட் என்ற அச்சு வடிவமைப்பாளர் 1928-லேயே எல்லாவற்றையும் நடுவில் அடுக்குவதை விடச் சொன்னார். எது முக்கியமோ அது முதலில் கண்ணில் படட்டும் என்பதற்காகச் சொன்னார். படத்தைச் சாய்ப்பதற்காக இல்லை.

டிசைன் செய்யும் சாப்ட்வேரான கோரல் டிராவைத் திறந்ததும் முதலில் கைடுலைன், அதாவது அச்சில் வராத வழிகாட்டிக் கோடு, போடுங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. இருபுறமும் 15 விட்டால் மீதி 180. இடையில் 4 மி.மீ. சந்து விட்டுப் பிரித்தால், 42 மி.மீ. அகலத்தில் நான்கு பத்தி வரும். மூன்றில் படமும் கடைப் பெயரும், ஒன்றில் தேதி, முகவரி. படத்தின் மேல் விளிம்பும் தேதியின் முதல் வரியும் ஒரே கோட்டில் தொடங்கட்டும். அந்தக் குறுகிய பத்தியில் தமிழை இருபுறமும் இழுத்து நிரப்பாதீர்கள். நம் சொற்கள் நீளம். நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். வரி இடைவெளியும் தாராளமாக விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரி 'கூ'வின் வாலில் கீழ்வரி 'கீ'யின் சுழி போய் இடிக்கும்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். "காசு கொடுத்த இடம் காலியா கிடக்குதே, அங்க மாமா போட்டோ போடுங்க" என்று கேட்காதீர்கள். அந்தக் காலி இடம் இருப்பதால்தான் உங்கள் கடைப் பெயர் தெரிகிறது. குடியாத்தத்துக்காரரும் முதலில் அதைத்தான் கேட்டார். இரண்டு பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன். மாமா இல்லாததையே எடுத்துக்கொண்டு போனார்.